கையெழுத்துக்கு முன்னால் ஒரு வாழ்த்து

பதிவாளர் இன்னும் வரவில்லை.

மற்றதெல்லாம் வந்துவிட்டது. பூ வந்துவிட்டது, மைக் வந்துவிட்டது. சமையல் ஆட்கள் வந்து, சமைத்து, மூடி வைத்துவிட்டு, பின்பக்கம் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைகூட வந்துவிட்டான். அன்றைய அதிசயமே அதுதான். ஒன்பது வருடம் இழுத்தடித்த கல்யாணம். அவன் மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், பார்க்காதவர்களுக்கு போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்து வாங்கிக் கல்யாணத்தை முடித்து வைக்க வேண்டிய பதிவாளர் மட்டும் நகரத்தின் இன்னொரு கோடியில் வேறொரு ஜோடியிடம் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜோடி, சொன்ன தேதியில் கல்யாணம் செய்துகொள்கிற ரகம் போலிருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, அழைப்பிதழில் அச்சாகியும் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவன் ‘பார்க்கலாம்’தான். சினிமாவுக்கு வர்றியா என்றால் பார்க்கலாம். பசிக்குதா என்றால் அதற்கும் பார்க்கலாம். பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்குக் கிடைத்தபோது, கடவுள் கண் திறந்தார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு பிஸ்கட்டின் ஓரம் உடைந்திருந்தால் தட்டையே திருப்பி அனுப்புகிற அதிகாரம் அவனுக்கு இருந்தது. கல்யாணத்தையும் அவன் அப்படித்தான் பார்த்தான். எங்காவது ஓர் ஓரம் உடைந்திருக்கும், திருப்பி அனுப்பிவிடுவான்.

திருப்பி அனுப்புவது அவன். அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது அவனுடைய நண்பர். நண்பர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், தன் நண்பனை மட்டும் இன்றுவரை டெஸ்டுக்கு அனுப்ப முடியவில்லை. அதற்கும் அவன் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தான்.

இன்று மாஸ்டருக்கு ஒரே ஒரு வேலை. கையெழுத்து ஆனதும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை வாழ்த்திப் பேச வேண்டும். பேசி முடித்ததும் எல்லோரும் பழச்சாற்றுக் கோப்பையை உயர்த்துவார்கள். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் முதல் தேதி குறித்த வருடமே தயார் செய்துவிட்டார். தேதி தள்ளத் தள்ளப் பேச்சும் வளர்ந்தது. தள்ளிவைத்த காரணங்களே பேச்சை நிரப்பிவிட்டன, வாழ்த்துக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

கோப்பைகளில் ஊற்றி வைத்த சாறு வெதுவெதுப்பாகத் தொடங்கியபோது மாப்பிள்ளையின் அக்கா கை கழுவும் இடத்தில் மாஸ்டரை மடக்கினார். அக்கா ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. தம்பியைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். தம்பியிடம் குறை உண்டு என்று சொல்கிறவர்களை அவர் பெஞ்சு மேல் ஏற்றாமல் விடுவதே பெரிய விஷயம்.

“வந்தவங்க எல்லாம் பசியில முறைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நீ உன் பேச்சை இப்பவே பேசிடு.”

“இன்னும் கல்யாணமே ஆகலையேக்கா. எதை வாழ்த்தறது?”

“ஆகப்போறதுதானே. முன்ன பின்ன இருந்தா என்ன கெட்டுப் போச்சு?” அக்கா குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு. ஏன் இவ்வளவு வருஷம் ஆச்சுன்னு நம்ம சொந்தக்காரங்க ஆளாளுக்குக் கேக்கறாங்க. பொண்ணோட அப்பாதான் பிடிவாதம் பிடிச்சு நிறுத்தி வெச்சார்னு ஒரு வரி சேத்துக்கோ. சிரிப்பா சொல்லு. உனக்குச் சொல்லியா தரணும்?”

“அவர் அப்படி எதுவும் நிறுத்தலையேக்கா.”

“அவர் என்ன, எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப்போறாரா?”

வகுப்பில் ஒரு பையனைக் கரும்பலகையைத் துடைக்கச் சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அக்கா போனார். மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்ணின் அப்பா போன வருடம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். மாஸ்டர் ஒவ்வொரு முறை தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றபோதும், ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் காபி கொடுத்து அனுப்பிய மனிதர்.

அந்த எரிச்சல் தணிவதற்குள் மணப்பெண்ணிடமிருந்து ஆள் வந்தது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எலும்பு வரைக்கும் பார்த்துப் பழகியவளுக்கு மாப்பிள்ளை மட்டும் எப்படித் தப்பினான் என்று மாஸ்டர் பலமுறை யோசித்ததுண்டு. உடை மாற்றும் அறையில், அலங்காரம் முடிந்து, கசங்கிவிடக்கூடாதென்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா, நீங்க பேசப்போறீங்களாமே. ஒரே ஒரு உதவி. அப்பாவைப் பத்தி மட்டும் எதுவும் பேசாதீங்க.”

“ஏம்மா?”

“அம்மா முன்வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்க அழுதா நானும் அழுதுடுவேன். அதோட, எனக்கே இன்னும் அவர் மேல கோவம் ஆறலண்ணா. ‘நான் இந்தக் கட்டிலை விட்டு எழுந்து நடந்த அப்புறம்தான் கல்யாணம்’னு அப்பா அடம்பிடிக்காம இருந்திருந்தா, அப்பவே முடிஞ்சிருக்கும். அவரும் பாத்துட்டுப் போயிருப்பார். இவர் தயாராதானே இருந்தார்.”

மாஸ்டருக்கு ஒரு கணம் எதுவும் பிடிபடவில்லை. “அப்பா அப்படிச் சொன்னார்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

“இவர்தான். அப்பாகிட்ட நேரா கேக்கலாம்னு போறதுக்குள்ள அவருக்குப் பேச்சே போயிடுச்சு. அந்தக் கோவத்துல, அதுக்கப்புறம் நான் அவர் முகத்தையே சரியா பாக்கலண்ணா. டியூட்டி முடிஞ்சு வருவேன், மருந்து கொடுப்பேன், திரும்பிப் படுத்துப்பேன். கடைசி வரைக்கும் அப்படித்தான்.”

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் போட்டோக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார், பின்னாலேயே அவளுடைய ஆஸ்பத்திரித் தோழிகள் ஒரு பட்டாளமாக நுழைந்தார்கள். எல்லோரும் சிரியுங்கள் என்றார் போட்டோக்காரர். மணப்பெண் சிரித்தாள். மாஸ்டரும் அந்தப் படத்தில் ஓர் ஓரமாக, பல் வலிக்காரர் போல விழுந்தார்.

வெளியே வந்து நேராக மாப்பிள்ளையைத் தேடிப் போனார். அவன் மேடைக்குக் கீழே நின்று, கழுத்தைச் சாய்த்து, மேடையின் பின்திரையில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த ரெண்டாவது எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்குடா. பாத்தியா?”

“எழுத்து கிடக்கட்டும். அவங்க அப்பாதான் கல்யாணத்தை நிறுத்தினார்னு நீ அவகிட்ட சொன்னியா?”

அவன் எழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த நேரத்துல வேற என்னத்தைச் சொல்றது? எதாவது ஒண்ணு சொல்லணுமில்ல. அவருக்கும் பேச்சு இல்ல, சங்கடம் இல்லாம போச்சு.”

“உனக்குச் சங்கடம் இல்லாம போச்சு. அவ அந்த மனுஷன் முகத்தைப் பாக்காமயே அனுப்பி வெச்சிருக்கா, தெரியுமா?”

“அதான் சொல்லிடலாம்னு இருக்கேன்டா. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். கொஞ்ச நாள் போகட்டும். நல்ல நேரமா பாத்து சொல்லலாம்.”

“இப்ப போய்ச் சொல்லு. கையெழுத்துக்கு முன்னாடி. நான் கூட வரேன்.”

“பார்க்கலாம்,” என்றான் அவன். சொல்லிவிட்டு, சாய்ந்த எழுத்தைச் சரிசெய்ய ஒரு நாற்காலி தேடிப் போனான்.

மாஸ்டர் அங்கேயே நின்றார். வண்டி தறிகெட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் என்ன செய்ய வேண்டுமென்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடம் இந்த ஒருவன் விஷயத்தில் மட்டும் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தோமே என்று தன்மீதே வெறுப்பு வந்தது. மைக்கில் அக்காவின் குரல் அவர் பெயரை அழைத்தது. போகிறபோதே முடிவு செய்துவிட்டார். பழியை நாலு பேர் முன்னால் சுமத்தச் சொல்கிறார்கள், அதை நாலு பேர் முன்னால்தான் இறக்க வேண்டும். கல்யாணம் நின்றாலும் சரி. நண்பன் போனாலும் சரி.

இரண்டாவது ‘சரி’ அவருக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். பதிவாளருக்கான மேசை காலியாக இருந்தது. மாஸ்டர் கோப்பையை ஒரு கையிலும் மைக்கை ஒரு கையிலும் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியே வாழ்த்தச் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளையைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு இது நியாயமா படும். அப்புறமா வாழ்த்திக்கலாம்னு இருந்தா யார் கண்டா.”

சிரிப்பு எழுந்தது. மாப்பிள்ளையும் சிரித்தான்.

“முதல் தேதி குறிச்சப்ப இவனுக்கு வேலையில மேல ஒரு படி ஏறணும்னு ஆசை. ஏறிட்டு வரேன்னான். ஏறினான். ரெண்டாவது தேதி குறிச்சோம். அப்ப கண்ணாடியில பாத்திருக்கான், முன்பல்லு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கோவிச்சுக்கிட்டு நிக்குது. கல்யாண போட்டோ காலத்துக்கும் நிக்கும்டா, பல்லு நேராகட்டும்னான். கம்பி போட்டுக்கிட்டான். இப்ப கம்பியோட போட்டோ எடுக்கறதான்னு மூணாவது தேதியும் போச்சு.”

முன்வரிசையில் யாரோ தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். பிஸ்கட் கம்பெனி ஆட்கள் மாப்பிள்ளையைப் பல்லைக் காட்டச் சொன்னார்கள். அவன் காட்டினான். பெருமையாகவே காட்டினான்.

“அப்புறம் வீடு. ஜன்னல் வெச்சான், வெளிச்சம் ஜாஸ்தின்னு மாத்தினான். மாத்தினது இருட்டா இருக்குன்னு பழசைத் தேடிப் போனான், பழைய ஜன்னலை வாங்கினவன் அதுக்குள்ள கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைக்கு அப்பனாயிட்டான். ஒரு தடவை எல்லாம் பொருந்தி வந்துச்சு. இதே மண்டபம். முன்பணம் கொடுக்க வந்தவன் உக்காந்து பாத்தான், நாற்காலி கிறீச்சுன்னுது. கையெழுத்து போடறப்ப சத்தம் வந்தா நல்லா இருக்காதுன்னு திரும்பி வந்துட்டான். இன்னைக்கு நீங்க உக்காந்திருக்கறது புது நாற்காலிங்க. மண்டபக்காரங்க மாத்திட்டாங்க. இவன்தான் மாறல.”

மண்டபம் அதிர்ந்தது. அக்காகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மணப்பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இதோடு நிறுத்திக் கோப்பையை உயர்த்திவிட்டால் எல்லோருக்கும் நல்ல பிள்ளை. அக்கா கையைச் சுழற்றி, அந்த ஒரு வரி, அந்த ஒரு வரி என்று சைகை காட்டினார்.

“கடைசியா தள்ளிப்போனது போன வருஷம்,” என்றார் மாஸ்டர். “அது பொண்ணோட அப்பா பிடிவாதத்தாலன்னு இங்க சில பேர் நினைச்சிட்டிருக்கீங்க. என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாங்க. பிடிவாதம்தான். அதை நான் நேர்ல பாத்தேன்.”

மணப்பெண்ணின் சிரிப்பு நின்றது. வேண்டாமென்று தலையசைத்தாள்.

“மன்னிச்சிடும்மா. அவர் என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். நீ வேலைக்குப் போயிருந்த. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாங்க. கட்டில்ல உக்காந்திருக்கார், ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. என்ன சார் கிளம்பிட்டீங்களான்னேன். பதிவாளரை இங்கயே கூட்டிட்டு வாங்க மாஸ்டர், இந்த வார்டுலயே முடிச்சிடலாம், சாட்சிக் கையெழுத்து நான் போடறேன், வலது கை இன்னும் என் பேச்சைக் கேக்குதுன்னார். அவகிட்ட இதை நான் சொல்லமாட்டேன், மாப்பிள்ளை வாயால சொல்லட்டும், அதுதான் அவளுக்கு சந்தோஷம்னார். நான் அன்னைக்கே இவன்கிட்ட சொன்னேன். இவன் என்ன சொன்னான்னு உங்களுக்கே தெரியும். அந்த வாரக் கடைசியில அவருக்குப் பேச்சு போயிடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. பழக்க தோஷத்தில் பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்து, பக்கத்திலிருந்தவர் முறைக்க, இருமிக்கொண்டார்.

“பிடிவாதம் பிடிச்சார். கல்யாணம் நடக்கணும்னு பிடிச்சார். அவ்வளவுதான் எனக்குச் சொல்லணும்.” மாஸ்டர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அதை உயர்த்துவதா வேண்டாமா என்று தெரியாமல் பதிவாளர் மேசையில் வைத்துவிட்டார்.

மணப்பெண் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “அண்ணா சொல்றது நிஜமா?”

“இதெல்லாம் இங்க வெச்சுப் பேசற விஷயமா? வீட்டுக்குப் போய் நிதானமா பேசிக்கலாம்.”

“நிஜமா, இல்லையா?”

“சொல்லக்கூடாதுன்னு இல்ல. சரியான நேரம் அமையல.”

அக்கா மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். “குடிச்சிட்டு உளர்றாரு. யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.” மண்டபத்தில் பழச்சாற்றைத் தவிர குடிக்க எதுவும் இல்லையென்பது அவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

அப்போது முன்வரிசையிலிருந்து மைக் இல்லாமலே ஒரு குரல் வந்தது. பெண்ணின் அம்மா. எழுந்திருக்கக்கூட இல்லை.

“மாஸ்டர் தம்பி உளறல. நிஜம்தான். நான் மருந்து வாங்கிட்டு வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்னேன். எல்லாம் கேட்டேன்.”

“அம்மா,” என்றாள் மணப்பெண். மேடையிலிருந்து இறங்கி வந்தாள். “தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட சொல்லல? நான் அப்பாகிட்ட எப்படி இருந்தேன்னு பாத்துட்டுதானே இருந்த?”

“பாத்தேன்.” அம்மா மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சொன்னா நீ இவரை வேணாம்னுடுவ. அதுக்கப்புறம் உனக்கு யாரு? உங்கப்பா போகப்போறவர், எனக்கும் வயசாச்சு. யார் மேலயாவது நீ கோவப்பட்டுத்தானே ஆகணும். போறவர் தாங்கிப்பார்னு விட்டுட்டேன். அவரும் என்னை அப்படித்தான் பாத்தார், சொல்லிடாதேங்கற மாதிரி. நானா அப்படி நினைச்சுக்கிட்டேனோ என்னவோ.”

மைக் பிடித்து நியாயம் பேசிய திமிரெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அந்த அம்மாள் ஒரு வருடமாக எதை விழுங்கிக்கொண்டு அதே வீட்டில் நடமாடியிருக்கிறார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் பதிவாளர் வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மன்னிக்கணும், டிராஃபிக் என்றார். மேசையிலிருந்த கோப்பையை யாருடையது என்று கேட்காமல் குடித்தார். பதிவேட்டைப் பிரித்தார். “ஆரம்பிச்சுடலாமா? எனக்கு இன்னொரு இடம் இருக்கு.”

மணப்பெண் மேடையேறினாள். அக்காவின் முகம் தெளிந்தது. பதிவாளர் பேனாவை நீட்டினார், அவளும் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றே மாஸ்டர் நினைத்தார். பொய் சொன்னதற்கு ஒருநாள் சண்டை போட்டுவிட்டு மன்னித்துவிடக்கூடியவள்தான். அவள் பேனாவைப் பிடித்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“எனக்கு மனசு சரியில்ல. தள்ளி வெச்சுக்கலாமா?”

“உனக்கு அதுதான் வசதின்னா வெச்சுக்கலாம்,” என்றான் அவன். “எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல. அவசரமே இல்ல.”

சொல்லும்போதே அவன் தோள் இறங்கியது. காலையிலிருந்து விறைத்திருந்த முகம் தளர்ந்து, கழுத்து மாலையைக்கூடக் கொஞ்சம் விலக்கிக்கொண்டான். மாஸ்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். மழை பெய்கிறது, இன்றைக்கு டெஸ்ட் கிடையாது என்று சொன்னால் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முகத்தில் வரும் நிம்மதி. அவமானமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெறும் நிம்மதி. மணப்பெண்ணும் அதைப் பார்த்தாள். கையெட்டும் தூரத்திலிருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தாள்.

பதிவாளர் டைரியைப் புரட்டினார். “அப்ப வேற தேதி போட்டுடலாமா? வர்ற மாசம் ரெண்டு நாள் காலியா இருக்கு.”

“வேணாம் சார்.” பேனாவை மூடி அவரிடமே கொடுத்தாள். “தள்ளி வெக்கல. வேணாம்.”

அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் நின்று கேட்கவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மாப்பிள்ளை எழுந்து ஓரடி எடுத்து வைத்தான். யாராவது தடுத்தால் நின்றுகொள்ளலாம் என்பது போலச் சுற்றிலும் பார்த்தான். யாரும் தடுக்கவில்லை. இருந்தும் அவன் நின்றுகொண்டான். மாஸ்டரை மட்டும் ஒரு பார்வை பார்த்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வந்த நட்பு அந்தப் பார்வையோடு முடிந்ததென்று மாஸ்டருக்குப் புரிந்தது. வலித்தது. மறுபடி பேசச் சொன்னாலும் இதையேதான் பேசுவோம் என்பதும் தெரிந்தது.

மணப்பெண் முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். உடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, அந்தச் சட்டையில அப்பா எப்படி இருந்தார்?”

“பட்டனை மாத்திப் போட்டிருந்தார்,” என்றார் அம்மா. “நான் சரி பண்ணப் போனேன். கல்யாணத்தன்னைக்கு நீ வந்து பண்ணுவன்னு, அப்படியே கழட்டி வெக்கச் சொல்லிட்டார்.”